வேரா, காற்றா? நம் தென்னையின் நூறாண்டு வழக்கு

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நாலு பேர் கூடினால் இப்போது பேச்சு ஒன்றுதான். "ஓலையெல்லாம் தொங்குதே, உங்க தோப்புல எப்படி இருக்கு அண்ணாச்சி?" காய் சிறுத்துப் போச்சு, கொப்பரை ரப்பர் மாதிரி வளையுது என்பார்கள். ஒருவர் உரக் குறைவு என்பார், இன்னொருவர் தண்ணீர்க் கோளாறு என்பார், மூன்றாமவர் கடையில் யாரோ தலையில் கட்டிய மருந்து பாட்டிலை எடுத்துக் காட்டுவார். இந்த நோய்க்கு நீண்ட வரலாறு உண்டு. அது தெரிந்தால் வீண் செலவாவது மிஞ்சும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது காரைக்கால், படித்தது பிரெஞ்சு வழியில், பெண் எடுத்த உறவால் தென்காசிக்காரன் ஆனவன். விவசாய விஞ்ஞானி அல்ல, வெறும் குமாஸ்தா. ஆனால் பழைய கோப்பைப் புரட்டி, யார் எந்தத் தேதியில் என்ன குறிப்பு எழுதினார் என்று பார்க்கும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

இந்தக் கோப்பின் முதல் தாள் 1882. அந்த ஆண்டு திருவிதாங்கூரில் பெருவெள்ளம். அதன் பிறகுதான் மீனச்சிலாற்றங்கரையில் உள்ள ஈராட்டுப்பேட்டையில் தென்னை மரங்கள் சோர்ந்து போவதைக் கண்டார்கள். கீற்றுகள் விலா எலும்பு போல உள்பக்கம் வளைந்தன, ஓலை மஞ்சளாகி ஓரம் கருகியது, பாளையும் கறுத்தது. மரம் சாகவில்லை. பல ஆண்டுகள் நின்றுகொண்டே காய்ப்பைக் குறைத்துக்கொண்டு போனது. மலையாளிகள் இதற்கு 'காற்றுவீழ்ச்ச' என்று பெயர் வைத்தார்கள்.

1907-இல் பட்லர் என்பவர் திருவிதாங்கூருக்கு வந்து இதை ஆராய்ந்தார். மருத்துவம் படித்துவிட்டுச் செடிகளின் நோயைப் பார்க்க வந்தவர். பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பூஞ்சாண இயல் நிபுணராக இருந்தார். இந்தியத் தாவர நோயியலின் தந்தை என்று இவரைத்தான் சொல்கிறார்கள். நோயுற்ற மரத்தின் வேர்கள் அழுகியிருந்தன, அழுகலில் பூஞ்சாணம் இருந்தது. ஆகவே பூஞ்சாணமே குற்றவாளி என்று எண்ணினார். 'வேர் நோய்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் நாம் வேர்வாடல் நோய் என்றே சொல்கிறோம்.

பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு குறிப்பு எழுதினார்கள். பாக்டீரியா என்றார் ஒருவர், மண்ணில் சத்துக் குறைவு என்றார் இன்னொருவர், நூற்புழு, வைரஸ் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். இதற்கென்றே 1947-இல் காயங்குளத்தில் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1967-இல் ஜப்பானில், முசுக்கொட்டைச் செடியின் நோயை ஆராய்ந்தவர்கள் புதுவகை நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார்கள். செல்சுவரே இல்லாத பாக்டீரியா. இன்று அதை ஃபைட்டோபிளாஸ்மா என்கிறோம். 1983-இல் காயங்குளம் தென்னையிலும் அதே கூட்டத்தை மின்னணு நுண்ணோக்கி காட்டிக் கொடுத்தது. டெட்ராசைக்ளின் மருந்தைச் செலுத்தியபோது நோய்க்குறி தற்காலிகமாகத் தணிந்தது. பென்சிலின் செல்சுவர் கட்டப்படுவதைத்தான் கெடுக்கும், சுவரே இல்லாத கிருமியிடம் அதற்கு வேலையில்லை.

அந்தக் கிருமி மண்ணில் இருந்து வேர் வழியாக வருவதில்லை. இலை செய்த உணவை மரமெங்கும் கொண்டு போகும் மெல்லிய குழாய்களுக்குள் குடியிருக்கிறது. ஓலையின் அடிப்பக்கம் சாறு உறிஞ்சும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும், தத்துப்பூச்சி ஒன்றும் அதை ஒரு மரத்திலிருந்து எடுத்து அடுத்த மரத்தில் விடுகின்றன. அந்தச் சின்னப் பூச்சிகளைக் காற்றும் தூக்கிக்கொண்டு போகும். வேர் என்று எழுதிய நிபுணரைவிடக் காற்று என்று சொன்ன கிராமத்தார் உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள்! ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலோடு வரும் காற்றை நினைத்துப் பாருங்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்ச் சீமையில்தான் இருந்தது. எல்லைக் கல்லை மாற்றி நட்டோம், பூச்சிக்கு அது தெரியுமா?

இந்த நோயின் கனத்துக்கு ஒரு கணக்கு: 1980-களின் நடுவில் கேரளத்தின் எட்டு மாவட்டங்களில் எடுத்த ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 97 கோடி காய் நஷ்டம் என்றது. நம் பக்கம் செங்கோட்டை, கம்பம் பள்ளத்தாக்கு, பொள்ளாச்சி என்று மலையடிவாரம் முழுக்க இன்று இதே கதை.

இதையும் தஞ்சாவூர் வாடல் நோயையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அது எங்கள் ஊர்ப் பக்கத்து நோய். 1952 நவம்பர் கடைசியில் அடித்த புயலில் எங்கள் பாட்டி வீட்டுக் கூரை போனதாகச் சொல்வார். அந்தப் புயலுக்குப் பிறகுதான் தஞ்சை மாவட்டத்தில் அந்த நோய் வெளிப்பட்டது. அதற்குக் காரணம் கானோடெர்மா என்ற பூஞ்சாணம். மண்ணிலிருந்து வேருக்குள் புகுந்து அடிமரத்தை அரிக்கும். தூரில் செம்பழுப்பு நிறச் சாறு வடியும், பிறகு அங்கேயே விசிறி போலக் காளான் முளைக்கும். இது மரத்தைக் கொன்றே தீரும்.

பூஞ்சாணத்துக்கு மருந்து உண்டு. பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளை என்பதால் அந்தக் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. அதே 1882-இல், பிரான்சின் போர்தோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்தே, சாலையோரத் திராட்சைக் கொடிகள் மட்டும் நோயில்லாமல் இருப்பதைக் கண்டார். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க, தோட்டக்காரர்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடியில் பூசியிருந்தார்கள். திருடனுக்கு வைத்த பூச்சு நோயை விரட்டியது. 1885-இல் அவர் வெளியிட்ட அந்தக் கலவைதான் நம் போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். தஞ்சாவூர் வாடலுக்கு இதை மரத்துக்கு 40 லிட்டர் வீதம் தூரைச் சுற்றி ஊற்றச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம்.

வேர்வாடலுக்கு இதை ஊற்றினால் துட்டுதான் கரையும். உணவுக்குழாய்க்குள் இருக்கும் கிருமிக்கு மண்ணில் ஊற்றும் துத்தம் எட்டாது. ஆகவே முதலில் தூரைப் பாருங்கள், பிறகு ஓலையைப் பாருங்கள். சாறு வடிந்தால் ஒரு வழி, கீற்று விலா எலும்பாக வளைந்தால் வேறு வழி. வேர்வாடலை முழுக்கக் குணமாக்கும் மருந்து கிடையாது. ஆண்டுக்குப் பத்துக் காய்கூடத் தராத மரத்தை எடுத்துவிட வேண்டும். மற்றதற்கு வேப்பம்பிண்ணாக்கு, தொழு உரம், பொட்டாஷ், ஆண்டுக்கு அரை கிலோ மக்னீசியம் சல்ஃபேட் என்று ஊட்டம் கொடுத்துக் காய்ப்பைத் தாங்கிப் பிடிக்கலாம்.

புது நடவுக்குக் காயங்குளத்தார் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா என்ற ரகங்களைத் தந்திருக்கிறார்கள். இவற்றை வெளிநாட்டு மருந்தில் ஊறவைத்து உண்டாக்கவில்லை. நோய் உச்சத்தில் இருந்த தோப்புகளில் நோயே அண்டாமல் நின்ற மரங்களைத் தேடிப் பொறுக்கி, அவற்றின் வித்தைப் பெருக்கித்தான் உண்டாக்கினார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். வெட்டு ஆளைத் தோப்புக்குள் விடும் முன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். சுற்றிலும் எல்லாம் தொங்கியிருக்க, ஒரே ஒரு மரம் பச்சைக் கொண்டையோடு குலை தள்ளி நின்றால், அதைச் சுண்ணாம்பால் குறியிட்டு வைத்து, வேளாண்மை அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் நடப்போகும் தோப்புக்கு வித்து அதுவாக இருக்கலாம்.