விழிப்பின் இடம்

நம் புதுக்கவிதையில் தூக்கமின்மை ஒரு தகுதிச் சான்று போல ஆகிவிட்டது. சுவர்க்கடிகாரம், தெருநாய், கூர்க்காவின் தடி, பிறகு பிரக்ஞையின் தீவிரம். விழித்திருப்பவன் ஆழமானவன், தூங்குகிறவன் ஏமாந்தவன் என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்குக்கு ஐரோப்பாவிலிருந்து சாட்சிகளும் வரவழைக்கப்படுகிறார்கள். காஃப்கா தூங்காத இரவுகளைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். சிபியு நகரத் தெருக்களில் இரவெல்லாம் நடந்துகொண்டிருந்த சியோரன் அந்த நடையிலிருந்து 1934-ல் தன் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்தார். இவர்களிடம் எனக்கு வழக்கில்லை. இவர்களை வைத்து நாம் ஒரு தத்துவம் செய்துகொள்வதில்தான் சந்தேகம். தூக்கம் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் கவிஞர்களின் பங்கு மிகக் குறைவு.

அந்தச் சரித்திரத்தில் மருந்து முதலில் வந்தது, காரணம் பிறகுதான் வந்தது. 1869-ல் பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைஷ் குளோரல் ஹைட்ரேட்டைத் தூக்க மருந்தாக அறிமுகம் செய்தார். உடலுக்குள் போனதும் அது குளோரோஃபார்மாக மாறிவிடும் என்பது அவருடைய தர்க்கம். அப்படி மாறுவதில்லை. ஆனாலும் நோயாளிகள் தூங்கினார்கள். 1903-ல் எமில் ஃபிஷரும் யோசஃப் ஃபான் மேரிங்கும் கொண்டுவந்த பார்பிட்டால், வெரோனல் என்ற பெயரில் கடைகளுக்கு வந்தது. 'ராஷோமோன்' எழுதிய அகுதாகவா 1927-ல் தன் உயிரை முடித்துக்கொண்டது அந்த மருந்தால்தான். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைத்த ஒரு தூக்க மாத்திரை, 1961 இறுதியில் திரும்பப் பெறப்படுவதற்குள், உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் குறைபட்ட கைகால்களோடு பிறக்க வைத்தது. தாலிடோமைடு என்ற அதன் ரசாயனப் பெயரை இன்று எல்லோருக்கும் தெரியும். அது தூக்கத்துக்காக விற்கப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இவற்றில் எதுவும் தூக்கம் என்பது என்னவென்று தெரிந்து செய்யப்பட்ட மருந்தல்ல.

அநேகமாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, தூக்கம் என்றால் மூளை ஓய்ந்துபோவது என்றே எண்ணி வந்தார்கள். ரத்தம் குறைகிறது, களைப்பின் நச்சு சேருகிறது, எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைகிறது. விளக்கு அணையாவிட்டால் ஏதோ ஒன்று அதிகமாக இருக்கிறது என்று பொருள்: சிந்தனை, குற்ற உணர்வு, காமம். நம் கவிதைகள் இன்னும் இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

இந்த எண்ணத்தை உடைத்தவர் கான்ஸ்டான்டின் ஃபான் எகோனோமோ. ருமேனியத் துறைமுகமான பிரயிலாவில் 1876-ல் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்து, டிரியெஸ்டில் வளர்ந்து, வியன்னாவில் மருத்துவரானவர். ஆஸ்திரியாவின் முதல் விமானிகளில் ஒருவர். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டவும் போனார். போர்முனையிலிருந்து திரும்பி வாக்னர்-யாவ்ரெக்கின் மனநோய் மருத்துவமனையில் வேலை பார்க்கையில், 1916-17 குளிர்காலத்தில், எந்த நோய்ப் பட்டியலிலும் அடங்காத நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். சிலர் சாப்பிட்டுக்கொண்டே, வாயில் கவளத்தோடு, தூங்கிப்போனார்கள். எழுப்பினால் எழுந்தார்கள், கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னார்கள், மறுபடி தூங்கினார்கள். 1917-ல் இந்த நோயை அவர் என்செஃபலைடிஸ் லெதார்ஜிகா என்று பெயரிட்டு எழுதினார்.

பெயர் தூக்கத்தைக் குறித்தாலும், அதே நோய் வேறு சிலரைத் தூங்கவே விடவில்லை. கைகால்கள் ஓயாமல் துடிக்க, இரவு முழுதும் புரண்டார்கள். சில குழந்தைகளுக்கு இரவும் பகலும் இடம் மாறின. ஒரே நோய் நேரெதிரான இரண்டு விளைவுகளைத் தருவது எப்படி? இறந்தவர்களின் மூளைகளை எகோனோமோ ஒப்பிட்டுப் பார்த்தார். தூங்கியே கிடந்தவர்களுக்கு ஹைபோதாலமஸின் பின்பகுதியிலும் அதை ஒட்டிய நடுமூளையிலும் சேதம். தூங்க முடியாதவர்களுக்கு ஹைபோதாலமஸின் முன்பகுதியில் சேதம். அப்படியானால் விழிப்பை நடத்த ஓரிடம் இருக்கிறது; தூக்கத்தை நடத்தவும் ஓரிடம் இருக்கிறது. தூக்கம் தானாக வந்து கவிவதில்லை. மூளை அதைச் செய்தாக வேண்டும். செய்கிற இடம் கெட்டுப்போனால் எவ்வளவு களைத்தவனும் தூங்கமாட்டான். 1930-ல் இதை ஒரு கட்டுரையாக விரிவாக எழுதினார், அடுத்த வருஷம் இறந்தார். கொள்ளைநோயும் அதற்குள் அடங்கிவிட்டது. அது எதனால் வந்தது என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை.

சியோரன் பிறந்த ஊரும் எகோனோமோ பிறந்த ஊரும் இன்றைய ருமேனியாவில் இருப்பது வெறும் தற்செயல். ஒருவர் தூங்காமல் எழுதினார். மற்றவர் தூங்காமல் செத்தவர்களின் மூளைகளைப் பார்த்தார். இரண்டாமவரை நம் சிறு பத்திரிகைகளில் யாரும் மேற்கோள் காட்டி நான் கண்டதில்லை.

அவர் சொன்னதை 1946-ல் நௌட்டா எலிகளில் சோதித்தார். ஹைபோதாலமஸின் முன்பகுதியை வெட்டிவிட்ட எலிகள் தூக்கமிழந்து சில நாட்களில் இறந்தன. 1996-ல் சேப்பரும் அவர் சகாக்களும் அதே பகுதியில், தூங்கும்போது வேலை செய்கிற ஒரு சிறு செல் கூட்டத்தைக் கண்டார்கள். அது விழிப்பு மையங்களை அடக்குகிறது; விழிப்பு மையங்கள் அதை அடக்குகின்றன. இரண்டு ஆண்டு கழித்து, விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சின் என்ற பொருள் தெரியவந்தது. அதைத் தடுத்துத் தூக்கம் தருகிற முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 2014-ல் அனுமதி கிடைத்தது. லீப்ரைஷிலிருந்து எண்ணினால் 145 வருஷம்.

1986-ல் போலோன்யாவில் லுகாரேசி குழுவினர் எழுதிய ஒரு நோயும் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஓர் இத்தாலியக் குடும்பத்தில், நடுவயதில் தூக்கம் குறைந்து, பிறகு அற்றுப்போய், மாதக்கணக்கில் நலிந்து இறந்தார்கள். சேதம் தாலமஸில். 1992-ல் அதற்கான மரபணுப் பிழையும் தெரிந்தது. துஞ்சுதல் என்ற சொல்லைத் தமிழ் தூக்கத்துக்கும் சாவுக்கும் பொதுவாக வைத்திருக்கிறது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றால் அங்கே இறந்தவன். அந்தக் குடும்பத்தைத் துஞ்சாமையே துஞ்சவைத்தது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதினால் பொய். அவர்களைக் கொன்றது மூளையை அரித்த ஒரு புரதம். தூக்கம் போனது அந்த அரிப்பின் ஒரு விளைவு. உருவகம் நோய்க்கூற்றை இவ்வளவு எளிதாகப் புரட்டிவிடுகிறது.

ஆனால் இரவில் விழித்துக்கிடக்கிற பெரும்பாலோரின் மூளையில் இப்படிச் சேதம் எதுவும் இல்லை. அவர்களைப் பற்றி உபயோகமாகச் சொன்னவர் ஸ்பீல்மன், 1987-ல். ஒருவனிடம் முன்பே ஒரு சாய்வு இருக்கும். ஒரு சாவோ கடனோ வேலை போனதோ தூக்கத்தைக் கெடுக்கும். அந்த நெருக்கடி தீர்ந்தும் தூக்கமின்மை தீராது. ஏனென்றால் அதற்குள் அவன் பழகியிருப்பான்: சீக்கிரமே போய்ப் படுப்பது, பகலில் ஈடு செய்வது, மணி பார்ப்பது, தூங்க முயல்வது. தொடங்கிவைத்த காரணம் வேறு, தொடரவைக்கிற காரணம் வேறு. நாமோ எப்போதும் முதல் காரணத்தையே தோண்டிக்கொண்டிருக்கிறோம். அது கவிதைக்கு வசதியானது. இரண்டாவது காரணம் அலுப்பூட்டுவது, அதனாலேயே எழுதப்படாமல் கிடக்கிறது.

1972-ல் பூட்சின் சொன்ன வைத்தியம் இந்த இரண்டாவது காரணத்தைக் குறிவைத்தது. தூக்கம் வராதபோது படுக்கையில் கிடந்தால், படுக்கையே விழிப்பதற்கான இடமாகிவிடும். எழுந்து வெளியே போ, தூக்கம் வரும்போது திரும்பி வா, எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழு, பகலில் தூங்காதே. அமெரிக்க மருத்துவர்களின் ஒரு முக்கியச் சங்கம் 2016-ல் மாத்திரைக்கு முன்பு தரவேண்டியது என்று பரிந்துரைத்த சிகிச்சையில் இதுவும் ஒரு பகுதி. இந்த விதிப்படி பார்த்தால் சிபியுவில் சியோரன் எழுந்து நடக்கப் போனது சரிதான். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்றுதான் பூட்சின் கேட்டிருப்பார்.