எந்தக் குழாய் அருகில்?

வடிவியல் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது பள்ளி நாளின் காம்பஸ் பெட்டியே. தமிழிலக்கியம் பயிலப் புறப்பட்ட நாமும் அப்பெட்டியை மூடி முப்பதாண்டுகள் ஆகின்றன. அண்மையில் கல்லூரியில் கணினித்துறை நண்பர் ஒருவரின் மேசைமேல் கிடந்த படம் ஒன்று அதை மீண்டும் திறக்க வைத்தது. ஆங்காங்கே சில புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு பலகோண வேலி. மொத்தத்தில், கோடையில் வெடித்த ஏரிப்படுகை போன்ற தோற்றம். 'வொரோனாய் வரைபடம், கணக்கீட்டு வடிவியலின் அரிச்சுவடி' என்றார் நண்பர். அதன் வரலாற்றைத் தேடிச் சென்ற நம்மை அது இலண்டன் நகரத்துக் குழாயடி ஒன்றில் கொண்டுபோய் நிறுத்திற்று.

முதலில் படத்தின் பொருளைச் சொல்லிவிடுவோம். ஓர் ஊரில் ஐந்தாறு தெருக்குழாய்கள் இருப்பதாகக் கொள்வோம். எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் அருகில் என்று பார்த்து, ஊரைக் குழாய்வாரியாகப் பங்கிட்டால் கிடைப்பதே இப்படம். இரண்டு குழாய்களை இணைக்கும் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு வரைந்தால், அக்கோட்டின்மேல் நிற்பவருக்கு இரண்டும் சமதூரம். அத்தகைய கோடுகள் ஒன்றையொன்று வெட்டி உருவாக்கும் அறைகளே வொரோனாய் அறைகள். ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு எட்டாதது இதில் எதுவுமில்லை.

இனி 1854. இலண்டனின் சோஹோ பகுதியில் ஆகஸ்ட் 31 அன்று காலரா வெடித்தது. பத்தே நாட்களில் 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொள்ளைநோய் அடங்கியபோது எண்ணிக்கை 600ஐத் தாண்டியிருந்தது. நாற்றமடித்த காற்றே நோயைப் பரப்புகிறது என்பது அன்றைய மருத்துவ உலகின் பொதுநம்பிக்கை. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும், நோய் தண்ணீரின் வழியே வருகிறது என்று சில ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். கேட்பார் அதிகமில்லை.

பிராட் தெருவிலிருந்த அடிகுழாயின்மேல் ஸ்னோவுக்கு ஐயம் விழுந்தது. அந்த வட்டாரத்தில் முதல் சில நாட்களில் பதிவான 83 மரணங்களை எடுத்துக்கொண்டு வீடுவீடாக விசாரித்தார். ஏறக்குறைய அத்தனையும் அக்குழாயை ஒட்டிய வீடுகளில் நேர்ந்தவை. வேறொரு குழாய் தெளிவாக அருகில் இருந்த வீடுகளில் நிகழ்ந்தவை 10 மட்டுமே. நம் வியப்பெல்லாம் இதற்குப் பின் அவர் செய்த காரியத்தைப் பற்றியது. அந்தப் பத்தை விதிவிலக்கென்று ஒதுக்காமல், அவ்வீடுகளின் கதவையும் தட்டினார். ஐந்து குடும்பத்தார், பக்கத்துக் குழாயை விட்டுவிட்டு, விருப்பத்தின்பேரில் பிராட் தெருத் தண்ணீரையே எப்போதும் வரவழைத்துக் குடித்தோம் என்றனர். இறந்தவர்களில் மூவர் அக்குழாய்க்கு அருகே பள்ளிக்குச் சென்ற குழந்தைகள். எஞ்சிய இரண்டும், அவர் கணிப்பில், கொள்ளைநோய்க்கு முன்பே நகரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிகழ்ந்துவந்த சாவுகளைப் போன்றவை.

மறுபுறம், குழாய்க்கு அருகிலிருந்தும் பிழைத்தவர்கள் உண்டு. பக்கத்து ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தனர். காலராவுக்குப் பலியானோர் ஐவரே. விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே பிராட் தெருவில் பீர் வடிக்கும் ஆலை ஒன்றில் 70க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தனர். அவர்களில் ஒருவரும் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையே பீர் அளந்தது, தெருத் தண்ணீரை அவர்கள் நாடவில்லை. இவர்களுக்கு நேர்மாறாக, பல மைல் தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டி மாண்டார். முன்பு பிராட் தெருவில் குடியிருந்த அவர், அத்தண்ணீரின் சுவையை மறக்க முடியாமல் நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்துவந்திருக்கிறார்.

செப்டம்பர் 7 மாலை ஸ்னோ ஊர்ப் பொறுப்பாளர்கள் முன் தம் கருத்தை வைத்தார். மறுநாள் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தானாகவே தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே ஒப்புக்கொண்டிருக்கிறார். கைப்பிடியைக் கழற்றிய கணமே சாவு நின்றது என்று சொல்லப்படும் கதை பிற்காலத்து அலங்காரம்.

இறந்தோரைச் சிறு கறுப்புக் கோடுகளாகத் தெருவாரியாக அடுக்கிக் காட்டிய ஸ்னோவின் வரைபடம் புகழ்பெற்றது. அதன் பிந்தைய வடிவம் 1855ஆம் ஆண்டு விசாரணைக் குழு அறிக்கையில் வெளிவந்தது. அதில் புதிதாக ஒரு கோடு, பிராட் தெருக் குழாயைச் சுற்றி ஒழுங்கற்று வளைந்து செல்கிறது. அக்கோட்டின்மேல் நிற்பவருக்கு இந்தக் குழாயும் அடுத்த குழாயும் சமதூரம். ஆக, அது ஒரேயொரு வொரோனாய் அறை. ஆனால் அதன் ஓரங்கள் மையக்குத்துக்கோடுகள் அல்ல. தெருவழியே கால்நடையாகச் சென்றால் எவ்வளவு தூரமோ, அந்தத் தூரத்தைக் கொண்டு வரைந்தவை. நம் முன்னோர் 'கூப்பிடு தூரம்' என்றும் 'நாழிகை வழி' என்றும் குரலாலும் நடையாலும் தொலைவை அளந்தார்களே, அந்த இனத்தைச் சேர்ந்த அளவை இது. குடத்தைச் சுமந்து திரும்ப வேண்டியவளுக்குக் காகம் பறக்கும் தூரத்தால் என்ன பயன்?

இதோடும் ஸ்னோ நிற்கவில்லை. மால்பரோ தெருக் குழாய் சிலருக்கு அருகில் இருந்தும், அதன் நீர் அசுத்தம் என்று பலர் அதைத் தவிர்த்துப் பிராட் தெருவுக்கே வந்ததையும் குறித்து வைத்தார். எது அருகில் என்ற கேள்விக்குள் எதைக் குடிக்க மனம் ஒப்பும் என்ற கேள்வியும் மறைந்திருந்தது. நல்ல தண்ணீரென்று தேடி வந்தவர்களே அதற்குப் பலியாயினர்.

இப்படத்துக்குப் பெயர் தந்தவருக்குக் குழாயோடும் காலராவோடும் எந்தத் தொடர்பும் இல்லை. கியோர்கி வொரோனாய் 1868இல் இன்றைய உக்ரைனில் பிறந்தவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பயின்று வார்சாவில் பேராசிரியராக இருந்தவர். எண் கோட்பாட்டில் இருபடி வடிவங்கள் பற்றிய நீண்ட ஆய்வின் நடுவே இப்பகுப்பைக் கையாண்டார். 1908இல், நாற்பதே வயதில் மறைந்தார். அவருக்கு முன்பே 1850இல் ஜெர்மானியரான டிரிஷ்லே இதைப் பயன்படுத்தியிருந்தார். 1911இல் அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த தீசன் வேறு வாசலால் இதே வீட்டுக்குள் நுழைந்தார். மழைமானிகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் வேறிடத்தில் அரிதாகவும் இருக்க, எல்லா அளவுகளையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி பொய்யாகும். ஒவ்வொரு மானிக்கும் அதற்கு அருகான நிலப்பரப்பைப் பங்கிட்டு, பரப்புக்கேற்ற எடை தரலாம் என்றார். இன்றும் நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இதைத் தீசன் பலகோணம் என்றே படிக்கின்றனர். பக்கத்துக் கணினி வகுப்பில் அதே படம் வொரோனாய் என்று வழங்குவது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

வொரோனாயை அடியொற்றி நடந்தவர் ரஷ்யரான டெலோனே. சிறந்த மலையேறியும்கூட. 1934இல் வொரோனாயின் நினைவுக்குக் காணிக்கையாக்கிய கட்டுரையில் அவர் இப்படத்தை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிக் காட்டினார். அறைகள் அடுத்தடுத்து இருக்கும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் முக்கோண வலை ஒன்று கிடைக்கும். அதன் எந்த முக்கோணத்துக்குச் சுற்றுவட்டம் வரைந்தாலும் அவ்வட்டத்துக்குள் வேறு புள்ளி இராது. நில அளவையில் கிடைத்த உயரப் புள்ளிகளைக் கொண்டு மலைச்சரிவைக் கணினியில் எழுப்புவதற்கும், பாலத்தின் பாரத்தைக் கணக்கிட அதன் உருவத்தைச் சிறு துண்டுகளாக்குவதற்கும் இன்று பெரிதும் பயன்படுவது இந்த வலையே.

இத்தனையும் கையால் வரைந்த காலத்துக் கதை. 1973இல் டொனால்ட் நூத் தம் புகழ்பெற்ற கணினி நூல்வரிசையின் மூன்றாம் தொகுதியில், ஒருவருக்கு மிக அருகிலுள்ள அஞ்சலகம் எது என்ற சிக்கலை எழுப்பினார். குழாய் அஞ்சலகமாயிற்று, கேள்வி மாறவில்லை. 1975இல் அமெரிக்கர்களான ஷேமோஸும் ஹோயியும் வொரோனாய் வரைபடத்தை விரைந்து கட்டும் வழியைக் கண்டனர். பத்து லட்சம் புள்ளிகளை இணை இணையாக ஒப்பிட்டால் சுமார் 50,000 கோடி ஒப்பீடுகள் வேண்டும். இவர்கள் வழியில் வேலையின் அளவு சில கோடிகளுக்குள் அடங்கிவிடுகிறது. 1978இல் ஷேமோஸ் யேல் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டின் தலைப்பே 'கணக்கீட்டு வடிவியல்'. 1985இல் இத்துறைக்கென முதல் மாநாடு பால்டிமோரில் கூடியது.

அடுத்த ஆண்டு ஸ்டீவன் ஃபார்ச்சூன் வெளியிட்ட வழியில் நமக்குத் தனி மயக்கம் உண்டு. ஒரு கிடைக்கோடு தாளின் மேலிருந்து கீழே மெல்ல இறங்குகிறது. கடந்துவந்த ஒவ்வொரு புள்ளிக்கும், அப்புள்ளிக்கும் இறங்கும் கோட்டுக்கும் சமதூரமான இடங்களெல்லாம் சேர்ந்து ஒரு பரவளையம் ஆகின்றன. பல பரவளையங்கள் ஒன்றோடொன்று மோதிக் கரையில் அலைநுரை விட்ட வரிபோல் தெரிவதால் அதற்குக் 'கடற்கரைக் கோடு' என்றே பெயர். இரண்டு அலைகள் சந்திக்கும் முனை நகர நகர, அதன் தடமே அறைகளின் சுவராகிறது.

இந்த வழிகளெல்லாம் நேர்கோட்டுத் தூரத்துக்கு உரியவை. மருத்துவமனைகளைப் புள்ளிகளாக்கி அறைகள் வரைந்தால் படம் நொடியில் வந்துவிடும். ஆனால் ஆற்றின் அக்கரையில் மருத்துவமனையும் இக்கரையில் நோயாளியும் இருந்து, பாலம் ஐந்து கல் தள்ளி இருந்தால், படத்தை நம்பிய அவசர ஊர்தி கரையில் போய் நிற்கும். ஆகவே சாலை வலையின்மேல் வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் கொண்டு அறைகளைக் கட்டும் முறைகளும் தனியாக வளர்ந்திருக்கின்றன. 1855இல் ஸ்னோ வரைந்த கோடு அவற்றின் வகையைச் சேர்ந்தது.

அரசின் சுகாதார வாரியம் அமர்த்திய குழு அவர் விளக்கத்தை ஏற்க மறுத்தது. அவரை முதலில் ஐயுற்ற ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியார், அவர் தவறென நிறுவத் தாமே வீடுவீடாக விசாரிக்கப் போய், முடிவில் அவர் பக்கம் வந்தார். குழாய்க்கு எதிரே, பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் நோயுற்று இறந்த ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர் கழிவுக்குழியில் விழுந்ததையும் அவரே கண்டறிந்தார். அக்குழியைத் தோண்டிப் பார்த்தபோது அது குழாய்க் கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. ஸ்னோ 1858இல், 45ஆம் வயதில் காலமானார்.

பிராட் தெரு இப்போது பிராட்விக் தெரு. அங்கே நினைவுச் சின்னமாகக் கைப்பிடி இல்லாத ஒரு குழாய் நிற்கிறது. அருகே ஜான் ஸ்னோ பெயரில் ஒரு மதுக்கடை. ஸ்னோ வாழ்வின் பெரும்பகுதியில் மதுவைத் தொடாதவர். கொதிக்கவைத்த நீரையே விரும்பிக் குடித்தவர்.