விடுதலைக்குப் பிறகு முதல் வாரம்: பெண் கைதிகளும் எச்.ஐ.வி. தடுப்பும்

சிறையிலிருந்து வெளிவரும் பெண்ணின் முதல் கவலை அன்றிரவு எங்கே தங்குவது என்பதுதான். அடுத்து பிள்ளைகள், கைச்செலவுக்குப் பணம், தொலைந்துபோன அடையாள அட்டை. இவற்றுக்கிடையே எச்.ஐ.வி. தடுப்பு நினைவுக்கு வருவது அரிது. ஆனால் ஆபத்து கூடும் காலமும் அதுதான். பழைய பழக்கம் திரும்பலாம். ஊசியைப் பகிரும் நிலை வரலாம். தங்க இடம் கொடுத்தவரிடம் ஆணுறை பற்றிப் பேசத் துணிவில்லாமல் போகலாம்.

மலேசியாவில் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15(1) பிரிவின்படி, போதைப்பொருள் உட்கொண்ட குற்றத்திற்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். அதன்பின் 2 முதல் 3 ஆண்டு வரை கண்காணிப்பும் உண்டு. தண்டனை முடிந்தவரைக் கண்காணிக்க ஏற்பாடு இருக்கிறது. அவரைக் கிளினிக்கில் கொண்டு சேர்க்கும் ஏற்பாடும் அதே அளவு உறுதியாக இருக்க வேண்டும்.

என்னென்ன வழிகள் உள்ளன?

பிரெப்: எச்.ஐ.வி. தொற்று இல்லாதவர் அதைத் தடுக்க முன்கூட்டியே உட்கொள்ளும் மாத்திரை. பெண்கள் இதைத் தினமும் எடுக்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் முறை அவர்களுக்குப் பொருந்தாது. தொடங்கும் முன் எச்.ஐ.வி., ஹெப்பாடைட்டிஸ் பி, சிறுநீரகப் பரிசோதனைகள் செய்யப்படும். சுகாதார அமைச்சு 2023 ஜனவரியில் 18 அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் இதை இலவசமாக வழங்கத் தொடங்கியது.

பெப்: ஆபத்தான சம்பவத்திற்குப் பின் 72 மணி நேரத்திற்குள் தொடங்கி, 28 நாள் எடுக்க வேண்டிய மருந்து. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் மருத்துவமனைக்கு உடனே செல்ல இதுவும் ஒரு காரணம்.

மெதடோன்: ஹெரோயின் போன்ற ஓப்பியம் வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்கான மாற்று மருந்து. மலேசியாவில் 2005இல் தொடங்கியது. ஊசிப் பயன்பாட்டைக் குறைப்பதால் எச்.ஐ.வி. பரவலும் குறைகிறது.

கதவு திறக்கும் முன்பே

கிளினிக்கின் முகவரியை எழுதிக் கொடுப்பது மட்டும் போதாது. விடுதலைக்குச் சில வாரங்களுக்கு முன்பே பரிசோதனை முடிந்து, அவர் தங்கப்போகும் ஊருக்கு அருகிலுள்ள கிளினிக்கில் தேதி குறிக்கப்பட வேண்டும். மருத்துவக் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். முதல் முறை கூடவே செல்ல ஒருவர் இருந்தால், பாதியில் நின்றுபோகும் வாய்ப்பு குறையும். ஐ.நா. 2010இல் ஏற்ற பாங்காக் விதிகளும், விடுதலைக்குப் பின் மருத்துவ உதவி தேவைப்படும் பெண்களுக்கு அது தொடர வேண்டும் என்றே கூறுகின்றன.

குடும்பம் செய்யக்கூடியது

வீட்டுக்குத் திரும்பிய மகளிடமோ தங்கையிடமோ ‘உனக்கு அந்த நோய் இருக்கிறதா?’ என்று விசாரிக்க வேண்டாம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ ஒரே குளியலறையைப் பயன்படுத்துவதாலோ எச்.ஐ.வி. பரவாது. பிரெப் மாத்திரை எடுப்பவருக்குத் தொற்று இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. தொற்று வராமல் பார்த்துக்கொள்கிறார் என்பதே பொருள். பரிசோதனை முடிவை அக்கம்பக்கத்தில் சொல்லும் உரிமை அவரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை.

கிளினிக்குக்குப் போகும் நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்; பஸ் கட்டணம் கொடுங்கள். பலருக்குச் சிகிச்சை தொடர்வதும் நின்றுபோவதும் இந்தச் சிறு உதவியில்தான் இருக்கிறது.