இல்லத்திலேயே தீர்ந்த பிணி

மூன்று தலைமுறைக்கு முன்பு, நம் சிவாஜிநகர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றில் ஒருவருக்கு மாலைக் காய்ச்சலும் விடாத இருமலும் கண்டால், வீட்டார் முதலில் நாடியது மருத்துவரை அன்று, மறைவையே. தனித் தட்டு, தனிக் குவளை, கூடத்தின் ஒரு மூலையில் தனிப் பாய். நோயின் பெயரை வாய்விட்டுக் கூறார். கூறினால் பெண் கொடுக்கவும் கொள்ளவும் எவரும் முன்வாரார் என்னும் அச்சம். காசநோய் உடலைத் தின்னும் முன்னரே குடும்பத்தின் மானத்தைத் தின்றது என்று கூறின் மிகையாகாது.

1809 இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டு அமைத்த நாள்தொட்டு, சென்னை மாகாணத்திலிருந்து படையினராகவும் பணியாளராகவும் வணிகராகவும் வந்து குடியேறியோர் நம் முன்னோர். அந்நாளில் பிளாக்பள்ளி எனப்பட்ட இப்பகுதியின் நெருங்கிய சந்துகளில், ஒரே அறையில் ஒரு குடும்பமே உறங்கிய காலம் அது. நோய் வந்தால் பௌரிங் ஆஸ்பத்திரி உண்டு. ஆயினும் காசநோய்க்கு அங்கும் உறுதியான மருந்து கிடையாது. அக்காலத்தில் உலகில் எங்குமே கிடையாது. வசதி படைத்தோர் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915 இல் தோன்றிய சானடோரியத்திற்கோ, 1928 இல் தாம்பரத்தில் எழுந்த சானடோரியத்திற்கோ சென்றனர். தூய காற்று, ஓய்வு, பால், முட்டை என்பனவே அங்கு மருந்து. வசதியற்றோர் பாயிலேயே கிடந்தனர்.

1943 இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. பின்னர் பாஸ் என்னும் மருந்தும், 1952 இல் ஐசோநயசிட்டும் வந்தன. கிருமியைக் கொல்லும் ஆற்றல் கைக்கு வந்துவிட்டது. எனினும் ஒரு பெருங்கேள்வி எஞ்சி நின்றது. நாட்டில் நோயாளர் பல இலட்சம். சானடோரியப் படுக்கைகளோ அவர்களுள் ஒரு சிறு பங்கினர்க்கும் போதா. மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் நோய் தீருமா? ஊட்டமில்லாத உணவும் ஓய்வில்லாத உழைப்பும் இட நெருக்கடியும் மருந்தைத் தோற்கடித்துவிடுமே! வீட்டிலுள்ள குழந்தைகட்குத் தொற்றிவிடுமே!

இக்கேள்விக்கு விடை காண 1956 இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி அமைத்த நிலையம் அது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதன் முதல் இயக்குநர்.

அவர்கள் கையாண்ட முறையைச் சற்று விரித்துரைத்தல் தகும். சென்னை நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். யார் சானடோரியத்திற்குச் செல்வது, யார் வீட்டில் இருப்பது என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. நம் ஊர்க் கோயில்களில் திருவுளச் சீட்டு எடுப்பது போன்று, சீட்டே தீர்மானித்தது. மருத்துவர் தம் விருப்பப்படி பிரித்தால், தேறக்கூடியவரை ஒரு பக்கமும் தேறாதவரை மறு பக்கமும் தம்மை அறியாமலே தள்ளிவிடக்கூடும் அல்லவா? இரு சாராரும் ஓராண்டுக் காலம் ஐசோநயசிட்டும் பாஸும் உண்டனர். சானடோரியத்தில் இருந்தோர்க்கு நல்லுணவும் ஓய்வும் கிட்டின. வீட்டில் இருந்தோர் தம் பழைய உணவையே உண்டு, பலர் வேலைக்கும் சென்றனர்.

மருந்தை ஒழுங்காக உண்டனரா என்பதை அறிய, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். பாஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து. அதையும் நாள்தோறும் பத்துக் கிராம் அளவு விழுங்கவேண்டும். இருமல் நின்று உடல் தேறியது போலத் தோன்றிய பின்னும் மாதக்கணக்கில் அதை விழுங்கிய அந்தக் கூலித் தொழிலாளரின் பொறுமையை, ஆராய்ச்சியாளரின் அறிவுக்குக் குறைந்ததாக நாம் எண்ணவில்லை.

1959 இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டு இறுதியில் நோய் அடங்கியோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். உணவிலும் இடத்திலும் அத்துணை வேறுபாடு இருந்தும், பயனில் இருந்த வேறுபாடு இவ்வளவே. உடன் வாழ்ந்த உறவினரையும் ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தனர். நோயாளி வீட்டில் இருந்தமையால் அவர்களுக்கு நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. சிகிச்சைக்கு முன்னரே தொற்றியிருந்ததுதான் பெரும்பாலும் வெளிப்பட்டது. தனித் தட்டும் தனிப் பாயும் காக்காத குடும்பத்தை, தவறாது உண்ட மாத்திரை காத்தது. இம்முடிவைக் கண்டபின், செல்வம் மிக்க நாடுகளும் தம் சானடோரியங்களை ஒவ்வொன்றாக மூடத் தலைப்பட்டன. சென்னைச் சேரிகளில் பிறந்த சான்று இலண்டன் வரை சென்றது!

பாஸ் விலை மிகுந்தது, உண்ணவும் கடினமானது. ஆகவே ஐசோநயசிட்டை மட்டும் கூடுதல் அளவில் கொடுத்தால் என்ன என்று அடுத்து ஆராய்ந்தனர். அப்போது எதிர்பாராத துன்பம் ஒன்று தலைகாட்டியது. மார்பு நோய் தேறிவந்த சிலருக்குப் பாதம் எரிந்தது, விரல்கள் மரத்தன, ஊசி குத்துவது போல் இருந்தது. நோய் தீர்க்கும் மருந்தே நரம்பைத் தாக்கியிருந்தது. ஐசோநயசிட் உடலிலுள்ள பைரிடாக்சின் என்னும் ஆறாம் பி வைட்டமினைக் குறைத்துவிடுகிறது. சிலரது உடல் இம்மருந்தை விரைந்து செயலிழக்கச் செய்யும். சிலரது உடல் மெல்லச் செய்யும். இது பிறவியிலேயே அமைவது. மெல்லச் செய்வோர்க்கே இத்துன்பம் பெரிதும் வந்தது. தென்னிந்தியருள் அத்தகையோர் பாதிக்கு மேற்பட்டோர்.

இந்நரம்புத் துன்பம் பற்றிய அறிக்கை 1960 இல் வெளிவந்தது. பின்னர் இருவகை வைட்டமின் பி தயாரிப்புகளையும் குளூட்டாமிக் அமிலத்தையும் ஒப்பிட்டுச் சோதித்தனர். நாளொன்றுக்கு ஆறு மில்லிகிராம் பைரிடாக்சினே இத்துன்பம் வராமல் காக்கப் போதுமென 1963 இல் அறிவித்தனர். கால் எரிகிறது என்று நோயாளி கூறியதை அலட்சியம் செய்யாமல் எழுதி வைத்ததால் கிட்டிய பலன் இது. ‘மருந்தென்றால் சூடு செய்யத்தான் செய்யும்’ என்று நாமே பல வேளை சொல்லிவிடுகிறோம் அன்றோ?

இனி நம் ஊருக்கு வருவோம். 1959 இல் இப்பெங்களூரிலேயே, பல்லாரிச் சாலையில், தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்தது. 1960 இல் பண்டித நேரு அதனைத் திறந்து வைத்தார். சென்னையில் கண்ட உண்மையை நாடெங்கும் எவ்வாறு கொண்டு செல்வது என்பதே அதன் பணி. அங்கிருந்த பானர்ஜி, ஆண்டர்சன் என்னும் இருவர் தும்கூர்ப் பகுதிச் சிற்றூர்களில் ஆராய்ந்து 1963 இல் எழுதியது குறிப்பிடத்தக்கது. கிருமி கண்ட நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் முன்னரே அரசு மருத்துவ நிலையங்களின் படியேறியவர்கள். இருமல் மருந்து பெற்றுத் திரும்பியவர்கள். ஏழைகள் அறியாமையால் வருவதில்லை என்ற பேச்சு அத்துடன் பொய்யாயிற்று. வந்தவரின் சளியைச் சோதிப்பார் இல்லை என்பதே மெய்.

அந்நிறுவனத்தார் 1961 முதல் 1968 வரை பெங்களூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் ஓர் ஆய்வு நடத்தினர். ஒழுங்கான சிகிச்சை ஏற்பாடு எட்டாத அவ்வூர்களில், ஐந்தாண்டில் நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். மூன்றில் ஒரு பங்கினர் தாமே தேறினர். எஞ்சியோர் கிருமியைப் பரப்பிக்கொண்டே இருந்தனர். மருந்து கண்டு பல்லாண்டு கழிந்த பின்னர், நம் நகரிலிருந்து சில மணிப் பயணத்தில் நிகழ்ந்தது இது. கணக்கு எடுத்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை; அக்கணக்கே பின்னர் உலகெங்கும் மேற்கோள் ஆயிற்று. ஆயினும் மாண்டோரை எண் என்று மட்டும் படித்துச் செல்ல நமக்கு மனம் வரவில்லை.

சேத்துப்பட்டு நிலையம் 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்று விளங்குகிறது. பாஸ் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்தது. ரிபாம்பிசின் முதலியன சேர்ந்து, சாதாரணக் காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் ஐசோநயசிட் இன்றும் உண்டு. அதை உண்போர்க்கு, நரம்பைக் காக்கவென்று ஒரு சிறு பைரிடாக்சின் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கின்றனர்.