சிறைவாசிகளுக்கான இலவச சட்ட உதவி (இந்தியா)

காவலிலோ சிறையிலோ இருப்பவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் அமர்த்தித் தரும் ஏற்பாடு. காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவாயினும், இதற்குத் தகுதியுடையவர் என்கிறது சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987 (பிரிவு 12). சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 1995 நவம்பர் 9 அன்றுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் மீது குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை.

விரும்பிய வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் தொடக்கம் முதலே இருக்கிறது. கையில் காசில்லாதவருக்கு அது எழுத்தளவில்தான் உரிமை. 1976இல் 42ஆவது திருத்தம் 39ஏ பிரிவைச் சேர்த்து இலவச சட்ட உதவியை அரசின் வழிகாட்டு நெறிகளில் ஒன்றாக்கியது. அதைக் கேட்டுப் பெறும் உரிமையாக மாற்றியவை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே.

1978இல் ஹோஸ்கோட் என்ற கைதியின் மேல்முறையீடு நான்கு ஆண்டுக்கும் மேல் தாமதமாக வந்தது. சிறைக்கு அனுப்பிய தீர்ப்பு நகல் தம் கைக்கு வரவில்லை என்றார் அவர். தண்டிக்கப்பட்டவருக்கு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும், சிறை அலுவலர் அதை ஒப்படைத்து எழுத்தில் ஒப்புகை பெற வேண்டும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் விதித்தார். சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்தத் தாள் இல்லாமல் மேல்முறையீடே நடக்காது.

மறு ஆண்டு ஹுசைனாரா கத்தூன் வழக்கு. குற்றம் நிரூபணமாகியிருந்தால்கூட அனுபவித்திருக்கக்கூடிய தண்டனைக் காலத்தைத் தாண்டியும், விசாரணையே தொடங்காமல் பீகார் சிறைகளில் பலர் கிடந்தனர். நாளேட்டில் வந்த செய்தியை வைத்து வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி வழக்குத் தொடுத்தார். விரைவான விசாரணையும் இலவச சட்ட உதவியும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்றது நீதிபதி பி.என். பகவதியின் அமர்வு. இந்த உரிமை இருப்பதை நடுவரே கைதிக்குச் சொல்ல வேண்டும் என்றது 1981இன் பாகல்பூர் வழக்கு. கேட்கவில்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்றது 1986இன் சுக் தாஸ் தீர்ப்பு.

நடைமுறையில் இது சிறைக்குள் உள்ள சட்ட உதவி மையத்தில் தொடங்குகிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர்கள் அங்கே வருகிறார்கள். பயிற்சி பெற்ற சிறைவாசிகள் சிலர் தன்னார்வலர்களாக இருந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதித் தருகிறார்கள். வக்காலத்தில் கைதி போடும் கையெழுத்துக்குச் சிறை அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். குடும்பத்தார் 15100 என்ற இலவச எண்ணில் உதவி கேட்கலாம். சொந்த வழக்குகளுக்கு நடுவே இதையும் பார்க்கும் வழக்கறிஞரால் அடிக்கடி சிறைக்குப் போய்ப் பேச முடிவதில்லை. ஏற்பாட்டின் பெரிய பலவீனம் இதுதான். சட்ட உதவிக் குற்ற வழக்குகளை மட்டுமே முழுநேரமாக நடத்தும் வழக்கறிஞர் முறையை 2022இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்ததற்கு இதுவும் காரணம்.

வழக்கறிஞர் கிடைத்தாலும், வெளியே வர ஜாமீன் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவுப்படி, அதிகபட்சத் தண்டனையில் பாதியை (முன்பு தண்டனை பெறாதவராயின் மூன்றில் ஒரு பங்கை) விசாரணைக் கைதியாகவே கழித்தவர் ஜாமீனுக்கு உரியவராகிறார். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் இந்தச் சலுகை இல்லை. தகுதி வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் பலர் உள்ளேயே இருப்பது ஜாமீன்தாரர் கிடைக்காததால். மோத்தி ராம் என்ற கொத்தனாரிடம் மத்தியப் பிரதேச நடுவர் ஒருவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அவருடைய சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். 1978இல் இதைக் கண்டித்த கிருஷ்ணய்யர், பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதாகும் தமிழரோ மலையாளியோ உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்ற கேள்வியைத் தீர்ப்பிலேயே எழுப்பினார். உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்று 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை தரும் ஒன்றிய அரசின் திட்டமும் அதே ஆண்டு வந்தது.