சதுரம் ஏன் தோற்றது?

நம்ம ஊர் ஹார்ட்வேர் கடையில் 'ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது கூட்டல் குறி முனை உள்ளதைத்தான். அதன் முறையான பெயர் ஃபிலிப்ஸ். சுவிட்ச் போர்டு, மிக்ஸியின் அடிப்பாகம், பொம்மையின் பேட்டரி மூடி என்று எங்கே பார்த்தாலும் இதுதான். இவ்வளவு பரவியிருப்பதால் இதுவே சிறந்த வடிவம் என்று நினைக்கத் தோன்றும். கொஞ்சம் பலமாக முறுக்கிப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். ஒரு கட்டத்தில் முனை டக்கென்று மேலேறி வழுக்கும். நாலு முறை வழுக்கினால் குழி மழுங்கி வட்டமாகிவிடும். அப்புறம் அந்த ஸ்க்ரூ ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

அப்படி எளிதில் வழுக்காத ஒரு வடிவம், ஃபிலிப்ஸ் வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. அது ஏன் உலகத்தைப் பிடிக்கவில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி.

பீட்டர் லிம்பர்னர் ராபர்ட்சன் கனடாக்காரர், ஊர் ஊராகக் கருவிகள் விற்றவர். மான்ட்ரியலில் ஒரு புதுவகை ஸ்க்ரூ டிரைவரைக் கூட்டத்துக்கு முன்னால் இயக்கிக் காட்டும்போது, முனை ஒற்றைக் கோட்டுப் பள்ளத்திலிருந்து நழுவிக் கையைக் கிழித்தது என்பது அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அந்த ஒற்றைக் கோடு அவ்வளவு காலம் நிலைத்ததற்கு ஒரே காரணம், செய்வது சுலபம். ரம்பத்தால் ஒரு அறுப்பு, அவ்வளவுதான். ஆனால் முனை பக்கவாட்டில் நழுவிவிடும், ஸ்க்ரூவின் நடுவிலும் தானாக நிற்காது.

ராபர்ட்சனின் விடை ஒரு சதுரக் குழி. குழி வைத்த தலைகளைப் பலர் முன்பே யோசித்திருந்தார்கள். குளிர்ந்த உலோகத்தில் குழியை அடிக்கும்போது தலை பலவீனமாகிவிடுவதுதான் சிக்கல். விளிம்பைச் சற்றுச் சரித்து, சுவர்களை மிக லேசாகக் குறுக்கி, அடியில் ஒரு பிரமிடு கூம்பு வைத்தால் உலோகம் கிழியாமல் ஒதுங்கிக்கொள்ளும் என்று அவர் கண்டார். 1908இல் ஒன்டாரியோ மாகாணத்தின் மில்டன் என்ற சிற்றூரில் தொழிற்சாலை, 1909இல் காப்புரிமை. ஸ்க்ரூவை முனையில் செருகினால் கீழே விழாது, ஒரு கையாலேயே வேலை முடியும்.

கனடாவில் தயாரான ஃபோர்டு மாடல் டி கார்களில் இது புகுந்தது. ஒரு காருக்கு 700க்கும் மேல் ஸ்க்ரூ, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம் என்பது இன்றும் சொல்லப்படும் கணக்கு. ஃபோர்டு சும்மா விடுவாரா? ஸ்க்ரூ எப்படி, எங்கே செய்யப்பட வேண்டும் என்பதில் தனக்கும் பிடி வேண்டும் என்றார். ராபர்ட்சன் மறுத்துவிட்டார். அதற்கு முன்னால் இங்கிலாந்தில் உரிமம் கொடுத்த முயற்சி முதல் உலகப் போர்க் காலத்தில் சீர்குலைந்து அவருக்குச் சூடு போட்டிருந்தது.

ஹென்றி ஃபிலிப்ஸ் நேர் எதிர். அமெரிக்காவின் போர்ட்லாண்டைச் சேர்ந்த அவர், ஜான் தாம்சன் என்பவரின் வடிவத்தை வாங்கி மேம்படுத்தினார். இப்படி ஒரு தலையைச் செய்யவே முடியாது என்று பல உற்பத்தியாளர்கள் கைவிரித்தார்கள். அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனி செய்து காட்டியது. 1936இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கேடிலாக் கார்களில் போட்டது. ஃபிலிப்ஸ் தானே ஒரு ஸ்க்ரூகூடத் தயாரிக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் உரிமம் விற்றார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பெரும்பாலான ஸ்க்ரூ ஆலைகள் அதைச் செய்துகொண்டிருந்தன.

வடிவத்திலும் நியாயம் இருந்தது. கூம்பு முனை தானாகவே நடுவில் போய் உட்காரும். அசெம்பிளி லைனில் மின் டிரைவரோடு ஓடுகிறவருக்கு அது பெரிய வரம். ஆனால் அதே சரிவுச் சுவர்கள், முறுக்கும் விசையில் ஒரு பங்கை மேல்நோக்கித் திருப்பி முனையை வெளியே தள்ளுகின்றன. சதுரத்தின் சுவர்கள் கிட்டத்தட்ட நேராக நிற்பதால் அங்கே அந்தத் தள்ளல் மிகக் குறைவு.

அதனால்தான் ஃபிலிப்ஸில் முறுக்குவதைவிட அழுத்துவது முக்கியம். முனையின் அளவும் முக்கியம். வீட்டில் கிடைக்கும் ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவற்றுக்கு 2ஆம் எண், சிறியவற்றுக்கு 1, லேப்டாப்புக்கு 0 அல்லது 00. செருகிப் பார்த்தால் ஆடக் கூடாது. ஆடினால் ஒரு அளவு பெரியதை எடுங்கள். கூட்டல் குறியின் கைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போஸிட்ரிவ். ஜப்பானியக் கேமராவிலோ பைக்கிலோ தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது ஜேஐஎஸ். மூன்றும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின் முனை இன்னொன்றின் குழியைத் தின்றுவிடும்.

மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு ராபர்ட்சனின் கதை பழக்கமானது. நல்ல வடிவத்தைக் கையில் இறுக்கிப் பிடித்தவர் சுருங்குவதையும், சுமாரானதை எல்லோருக்கும் தந்தவர் தரநிலை ஆவதையும் என் துறையில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. 'பாவம், பிழைக்கத் தெரியாதவர்' என்று முடித்துவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. 1951இல் இறக்கும்வரை அவர் தொழிற்சாலை அவர் கையில் இருந்தது. கனடாவின் தச்சர்களுக்கு இன்றும் சதுரம்தான் முதல் தேர்வு. பச்சை, சிவப்பு, கறுப்புக் கைப்பிடியைப் பார்த்தே அளவு சொல்வார்கள். அவர் தன்னிடம் வைத்துக்கொண்டது செய்யும் உரிமையை மட்டும். திறப்பதற்கு யார் வேண்டுமானாலும் கடையில் ஒரு டிரைவர் வாங்கலாம்.

இப்போது நடப்பது வேறு. 1967இல் கேம்கார் நிறுவனம் கொண்டுவந்த டார்க்ஸ், அதாவது உண்மையிலேயே நட்சத்திரம் போல ஆறு இதழ் உள்ள தலை, வழுக்கலைத் தீர்க்க வந்தது. அதன் நடுவில் ஒரு முளையை வைத்தபோது அது பூட்டாக மாறியது. 2009இல் ஆப்பிள் தன் மேக்புக் ப்ரோவின் பேட்டரியை ஐந்து இதழ் ஸ்க்ரூவால் முடுக்கியது. பிறகு ஐஃபோனிலும் அது வந்தது. டார்க்ஸ் இருக்கும்போது ஐந்து இதழால் பிடிப்பு ஒன்றும் கூடிவிடாது. பொருளை வாங்கியவர் கையில் அதற்கான முனை இருக்காது, அவ்வளவுதான். அதற்கும் சந்தையில் முனை வந்துவிட்டது என்பது தனிக்கதை.

ராபர்ட்சன் ஒரு முதலாளிக்கு 'முடியாது' என்றார். அதற்கான விலையை அவரே கொடுத்தார். ஐந்து இதழ் ஸ்க்ரூ அதே 'முடியாது'வை, காசு கொடுத்து வாங்கிய நம்மிடம் சொல்கிறது. விலையையும் நாமே கொடுக்கிறோம். அடுத்த முறை ஏதாவது பொருள் வாங்கும்போது திருப்பிப் போட்டு அதன் ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். அது கெட்டுப்போனால் யார் திறக்கலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.