டோக்கெலாவ்

தென் பசிபிக்கில் நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட தீவுப்பகுதி. அட்டாஃபு, நுக்குநோனு, ஃபக்காஓஃபோ என்னும் மூன்று பவளத்தீவுகளைக் கொண்டது; மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 12 சதுர கி.மீ. நிலம் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்திருப்பதால் கடல்மட்ட உயர்வு இதற்குப் பேராபத்து. விமான நிலையம் இல்லை. சமோவாவின் ஆப்பியா நகரிலிருந்து கப்பலில்தான் செல்ல வேண்டும்.

ஆட்சி: 1926 முதல் நியூசிலாந்து நிர்வகிக்கிறது. ஊர் நிர்வாகம் தவுபுலேகா என்னும் மூத்தோர் அவைகளிடம் உள்ளது; பொதுச் சட்டங்களை 'ஜெனரல் ஃபோனோ' என்னும் சட்டமன்றம் இயற்றுகிறது. தலைமைப் பதவி மூன்று தீவுகளின் தலைவர்களிடையே ஆண்டுதோறும் சுழல்கிறது. தன்னாட்சிக்கான 2006, 2007 பொதுவாக்கெடுப்புகளில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிட்டவில்லை.

பொருளாதாரம்: நியூசிலாந்தின் நிதியுதவியும், வெளிநாட்டுக் கப்பல்கள் செலுத்தும் மீன்பிடி உரிமக் கட்டணமும் முதன்மை வருவாய். பிடித்த மீனை எல்லாக் குடும்பங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் 'இனாட்டி' மரபு, எவரையும் பசியில் விடாத உயர்ந்த ஏற்பாடு.